மாருயாமா குகானேயின் ‘ஓவர்லார்ட்’: அதிகாரமும் தனிமையும்

மாருயாமா குகானேயின் ‘ஓவர்லார்ட்’ என்னும் ஜப்பானியப் புதினத்தொடர் (நூல்வடிவில் 2012 முதல்) வேற்றுலகப் பெயர்வுக் கதைவகையின் அடிப்படைக் கனவையே ஐயுறுகிறது. அலுவலக ஊழியனான சுசுகி சதோரு, இணைய விளையாட்டு ஒன்று மூடப்படும் இரவில், தான் ஏற்றிருந்த எலும்புக்கூட்டு மந்திரவாதி வடிவிலேயே வேற்றுலகில் நிலைபெறுகிறான். பேராற்றல் கிட்டினும், மிகையான உணர்ச்சி எழுந்தவுடன் அவ்வுடல் அதனை அடக்கிவிடுகிறது. விளையாட்டு முடியுமுன் அவன் திருத்திய ஒரு வரியே ஆல்பெதோவின் காதலாகிறது. அத்திருத்தம் பின்னர் அவனுக்குக் குற்றவுணர்வையே தருகிறது. பிழையற்ற தலைவனாக நடிக்கவேண்டியிருப்பதால் பணியாளரிடம் அவன் மனம் திறப்பதில்லை. பழைய தோழர் நாற்பதின்மருள் எவரேனும் செவியுறக்கூடும் என்னும் நம்பிக்கையில் குழுவின் பெயரையே தன் பெயராகச் சூடுகிறான். அடிபணிவோர் சூழ்ந்திருப்பினும், சமமாக நின்று மறுத்துரைப்போர் இல்லை. மறுப்புக்கு இடமற்ற சூழலில் உறவு தழைப்பதில்லை. ஆள்பவனின் விடுதலையும் அங்கேயே முடங்குகிறது.