முதல் கிலோமீட்டரிலேயே நடக்கிறவர்

சென்னை மாரத்தானுக்கு எட்டு வாரப் பயிற்சியோடு வருகிறவர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும்: லாங் ரன் போதவில்லை, ஒரு முப்பது கிலோமீட்டராவது ஓடிப் பார்த்திருக்க வேண்டும். வழக்கமான திட்டம் 16 வாரம். அதில் பாதிதான் கையில். அதிலும் சில ஞாயிறுகளை வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரி. ஆனால் இவர்கள் கரையேறுவதை முடிவு செய்வது லாங் ரன்னின் நீளம் இல்லை. பந்தயத்தில் முதல் நடையை எப்போது நடக்கிறார்கள் என்பதுதான்.

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் ஓடும் ஒருவரைக் கவனித்துவருகிறேன். ஃபுல் மாரத்தானுக்குப் பேர் கொடுத்தபோது அவரிடம் இருந்ததும் எட்டு வாரம்தான். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. வாட்ச் அதிர்ந்ததும் கையைத் தூக்கிப் பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டுவார். ஓரமாக ஒதுங்கி, இரண்டு வாய் தண்ணீர் குடித்தபடி விறுவிறுவென்று நடப்பார். மறுபடி அதிர்ந்ததும் ஓட்டம். முதல் நடையின்போது மூச்சுகூட வாங்காது. “அதுக்குள்ள நடையா? ஓடுங்க மேடம்!” என்று கடந்துபோகிறவர்கள் குரல் கொடுப்பார்கள். தெம்பு போதவில்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்த முடிவோடு துளியும் உடன்பாடில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடி, பத்து நிமிட வேகத்தில் நடந்தால், சராசரி ஏழு நிமிடம். கிலோமீட்டருக்கு அரை நிமிடம்தான் இழப்பு, 42.195 கிலோமீட்டருக்கும் சேர்த்து சுமார் 21 நிமிடம். நிற்காமல் ஓடி 32-வது கிலோமீட்டரில் கால் மடங்கி, மிச்சம் பத்துக் கிலோமீட்டரை நடந்தே தீர்க்கிறவர் அந்தப் பத்தில் மட்டும் 35 நிமிடம் இழக்கிறார். அதுவும் அவர் நன்றாக நடந்தால். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டவர் எங்கே அந்த வேகத்தில் நடப்பது?

எட்டு வாரத்தில் மூச்சு நன்றாகவே தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். கடைசி இரண்டு வாரம் டேப்பருக்கு, அதாவது பயிற்சியைக் குறைத்துக்கொள்வதற்கு, போய்விட்டால் உண்மையான பயிற்சி ஆறே வாரம். அதற்குள் முப்பதைத் திணிக்கப் போனவர்கள் முழங்கால் கட்டோடு டிசம்பரைக் கழிப்பதைப் பார்க்கிறோம். நான் சொல்லும் வீராங்கனை லாங் ரன்னை 24 கிலோமீட்டரிலேயே நிறுத்திக்கொண்டார். குறைந்ததை நடையால் ஈடுகட்டுகிறார். ஒரே தசைகள் ஒரே மாதிரி அடி வாங்குவதை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை முறிக்கிறார். களைத்த பிறகு நடந்தால் அது முதலுதவி மட்டுமே. தெம்பு இருக்கும்போதே நடந்தால்தான் அந்தத் தெம்பு கடைசிவரை வரும்.

ஓடத் தெரியாதவர்களின் குறுக்குவழி என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல். இந்த முறையை 1970-களிலிருந்து உலகெங்கும் பரப்பியவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஓர் அமெரிக்கர். புதிதாக ஓட வந்தவர்கள் காயமில்லாமல் முடிப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் இதில் உறுதியானார்.

சென்னைக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். இருட்டில் புறப்பட்டாலும் கடற்காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை காய்வதில்லை. உடம்புச் சூடு இறங்க வழியில்லை. அந்த ஒரு நிமிட நடையில் சூடு கொஞ்சம் தணியும், தண்ணீரும் ஜெல்லும் சிந்தாமல் உள்ளே போகும். வெயில் ஏறும் நேரத்தில் இதன் பலன் தெரியும்.

ஜனவரியில் நடக்கும் பந்தயத்தில் பாதித் தூரம் வரை அவர் பின்னால்தான் இருப்பார். முப்பதைத் தாண்டியதும் ஒவ்வொருவராக முந்தத் தொடங்குவார். காலையில் குரல் கொடுத்தவர்களில் சிலரும் அதில் இருப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓட்டமும் நடையுமாக ஒரு பேஸரின் பின்னால் கூட்டமாகப் போகும் பேஸர் பஸ் நம் ஊர்ப் பந்தயங்களில் சாதாரணமாகிவிடும், முதலில் நிரம்புவதும் அதுவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. இந்த முறை எட்டு வாரத்தோடு களமிறங்குகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். முதல் நடையை முதல் கிலோமீட்டருக்குள் நடந்துவிடுங்கள்.