அரக்கன் முகத்தில் பச்சை

வலியசாலை அக்ரகாரத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்தே போய்விடலாம். பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழா இரவுகளில் அங்கே நாடகசாலையில் கதகளி. நான் போவது கத்தி வேஷத்தைப் பார்க்க.

தருமபுத்திரனுக்கும் நளனுக்கும் பச்சை வேஷம். ராவணன், நரகாசுரன், கீசகன் வகையறாவுக்குக் கத்தி. கன்னத்தில் மீசைபோல் மேல்நோக்கி வளையும் சிவப்புப் பட்டையின் வடிவத்தால் வந்த பெயர் அது. அந்தச் சிவப்பைச் சுற்றி இருப்பதோ நளன் முகத்தின் அதே பச்சை! குலப்பெருமை, வீரம், காதல் எல்லாம் பச்சையில், அகந்தை சிவப்பில். பகாசுரனுக்கும் துச்சாதனனுக்கும் சிவந்த தாடி. அந்த முகங்களில் பச்சைக்கு இடமே இல்லை. அரக்கனை ஆடுகிறவன் எவ்வளவு நல்லவனாக இருக்கலாம் என்பதை அணியறையிலேயே அளந்து பூசிவிடுகிறார்கள்.

பச்சை வேஷம் குரல் எழுப்பாது, கத்தி அலறலாம். ஆனால் இரயிம்மன் தம்பி (1782–1856) எழுதிய ‘கீசகவத’த்தில், சாகப்போகும் கீசகனுக்கும் நிதானமான சிருங்காரப் பதம் உண்டு. எனக்கு அது பெரிய கருணையாகப் படுகிறது.

‘பாலிவிஜய’த்தில் ராவணன் கைலாயத்தைப் பெயர்க்கும் கட்டம் வரும். மேடையில் மலை கிடையாது. சுண்டைப்பூ விதை போட்டுச் சிவந்த கண்கள் அடிவாரத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல உச்சிவரை ஏறுகின்றன. செண்டை அதிர்கிறது. நடிகர் குனிந்து இரு கைகளையும் மலைக்கு அடியில் நுழைக்கிறார்.