'ஆடேஷஸ்': பாராட்டும் பழிப்பும்

அஞ்சாமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் இடறச் செய்வது 'ஆடேஷஸ்' என்னும் பெயரடையாகும். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழக்கேறிய இச்சொல்லின் மூலம் 'ஆடேரே' என்னும் இலத்தீன் வினை. அவ்வினை, பெருவேட்கையைச் சுட்டும் 'அவிடுஸ்' என்பதனோடு உறவுடையது. தமிழில் 'துணிவு' என்பதோ ஐயத்தை அறுத்து முடிவுக்கு வருதலைச் சுட்டி நின்றது. 'என்பது ஆசிரியர் துணிபு' என உரையாசிரியர் எழுதும்போது அங்கு வீரத்திற்கு இடமில்லை. வேர்ப்பொருளைக் கொண்டு இன்றைய பொருளை வரையறுத்தல் தகாது. எனினும், இவ்விரு சொற்களையும் நேர் நிகராகக் கொள்ளும் வழக்கம் ஐயத்திற்குரியது என்பதற்கு இது போதும்.

சிக்கல் முதன்மையாகச் சொல்வகையைச் சார்ந்தது. பெயரடை இன்று பெரும்பாலும் வியப்பு கலந்த பாராட்டாக வருகிறது. பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்கு இப்பெயரைச் சூட்டியுள்ளது. 1914இல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிய போர்க்கப்பலின் பெயரும் இதுவே. ஆனால் 'ஆடாசிட்டி' என்னும் பெயர்ச்சொல், 'ஹேட் தி ஆடாசிட்டி டு' என்னும் தொடரமைப்பில் ஏறத்தாழ எப்போதும் பழிப்பே. பராக் ஒபாமா 2006இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் இப்பெயர்ச்சொல்லை நம்பிக்கையோடு இணைத்தது கவனத்தை ஈர்த்ததற்கு, பழிப்புச் சொல் அங்கே பாராட்டாகத் திரும்பியதும் ஒரு காரணம் எனலாம்.

அலுவலர் ஒருவர், மனுதாரர் தம்மையே கேள்வி கேட்டதாக இத்தொடரால் குறைகூறுகிறார் எனக் கொள்வோம். அதனைத் 'துணிவுடன் கேட்டார்' என்று பெயர்த்தால் குற்றச்சாட்டு நற்சான்றாகிவிடும். 'திமிராகக் கேட்டார்' என்றாலோ, மூலத்தில் இல்லாத வசை மனுதாரர்மேல் ஏறும். ஆங்கிலத் தொடர் செயலின் வரம்புமீறலைச் சுட்டுகிறது, 'திமிர்' ஆளின் இயல்பையே பழிக்கிறது. விசாரணை ஆவணங்களில் இவ்வேறுபாடு சிறிதன்று.

இங்குக் கைகொடுப்பது 'துணிச்சல்'. 'துணிச்சலான முயற்சி' பாராட்டு, 'என்ன துணிச்சல்!' கண்டனம். (பழைய நாடகத் தமிழில் 'என்ன துணிவு!' என்பதும் உண்டு. இன்றைய உரைநடையில் அது மேடைக் குரலாகவே ஒலிக்கும்.) ஆங்கிலச் சொல்லைப் போலவே இதுவும் தன் சார்பைத் தொடரிலிருந்தே பெறுகிறது. எனவே மேற்கண்ட வாக்கியத்தை, 'என்னையே கேள்வி கேட்கும் அளவுக்கு அவருக்குத் துணிச்சல்' என அமைக்கலாம். ஏகாரமும் 'அளவுக்கு' என்பதும் பழிப்பைச் சுமந்துகொள்கின்றன. இருமொழி அகராதிகள் நிகர்ச்சொற்களை மட்டும் அடுக்காமல் இத்தகைய தொடரமைப்புகளையும் தருதல் வேண்டும்.