முட்டையின் பருமனும் பொரிப்பகத்தின் சூடும்: திருப்பத்தூரும் குருநாகலும்

திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணிக் கடைகளுக்குப் போகும் பிராய்லர் கோழியானாலும் சரி, இலங்கையின் குருநாகல் பக்கம் கொத்துரொட்டிக்குப் போகும் கோழியானாலும் சரி, முட்டைக்குள் இருப்பது 21 நாள்தான். முதல் 18 நாள் அடைகாக்கும் செட்டர் இயந்திரத்திலும் கடைசி 3 நாள் குஞ்சு பொரியும் ஹேச்சர் இயந்திரத்திலும் கழிகின்றன. செட்டரில் இரு நாட்டிலும் வைக்கும் சூடு 99.5 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ். அந்த அளவைக் காக்க இரு ஊர்களும் படும் பாடுதான் வேறு.

இயந்திரத்தின் முகப்பில் தெரிவது காற்றின் சூடு. கருவுக்குத் தேவை ஓட்டின் சூடு. முதல் ஒன்பது பத்து நாள் கரு சூட்டை வாங்கிக்கொள்ளும். அதன்பின் தானே சூட்டை வெளிவிடும். பெரிய முட்டையில் கரு வெளிவிடும் சூடு அதிகம். ஆனால் எடைக்கு ஏற்ற ஓட்டுப் பரப்பு குறைவு என்பதால் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. ஆகவே கடைசி வாரத்தில் 50 கிராம் முட்டைக்குச் சரியாக இருக்கும் காற்று, 68 கிராம் முட்டைக்கு அதிகச் சூடாகிவிடும். ஓட்டின் சூடு 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தொப்புள் சரியாக மூடாத, தளர்ந்த குஞ்சுகள் வரும்.

முட்டையின் பருமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தாய்க்கோழியின் வயது. 28 வாரக் கோழியின் முட்டை சிறியது; 55 வாரக் கோழியின் முட்டை பெரியது. குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. 60 கிராம் முட்டை என்றால் 40 கிராம் குஞ்சு.

திருப்பத்தூர், வேலூர் வட்டாரத்தின் சிக்கல் வெயில். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் இங்கே சாதாரணம். 16 முதல் 18 டிகிரியில் வைக்க வேண்டிய முட்டை, பண்ணையிலிருந்து பொரிப்பகம் போகும் வழியிலேயே சூடேறினால், இயந்திரத்தில் ஏறும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடியும். காற்றும் வறண்டது, முட்டை நீரை அதிகம் இழக்காமலிருக்க ஈரத்தைக் கூட்ட வேண்டும். 18ஆம் நாளுக்குள் முட்டை எடையில் 11 முதல் 12 விழுக்காடு குறைவதே சரியான அளவு.

குருநாகலில் நிலைமை தலைகீழ். காற்றில் ஈரம் மிகுதி. முட்டை போதிய நீரை இழக்காவிட்டால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஓட்டை உடைக்கத் திணறும். அங்கே ஈரத்தைக் குறைப்பதும் காற்றோட்டமும்தான் வேலை. மின்சாரமும் ஒரு சிக்கல்: 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் போனால் முட்டை குளிர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். முதல் வாரத்தில் அது சரி. கடைசி வாரத்தில் மின்விசிறி நின்றால் நிறைந்த இயந்திரம் தன் சூட்டிலேயே வெந்துபோகும். பெரிய முட்டைகளுக்கே முதல் ஆபத்து. 2012 மின்வெட்டைக் கண்ட தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் ஜெனரேட்டரின் அருமை தெரியும்.

தாய்க்கோழியைப் பெறும் வழியிலும் வேறுபாடு உண்டு. இந்தியாவில் வெங்கடேஸ்வரா போன்ற நிறுவனங்கள் பாட்டிக் கோழிக் கூட்டத்தையே உள்நாட்டில் வைத்து, தாய்க்கோழிக் குஞ்சுகளை உற்பத்தி செய்கின்றன. இலங்கை பெரிதும் இறக்குமதியை நம்பியது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் அது சுருங்க, 2023இல் இந்தியாவிலிருந்து சாப்பாட்டு முட்டையையே வரவழைக்க வேண்டியதாயிற்று. இறக்குமதி நின்றால் இருக்கும் கூட்டத்தையே கூடுதல் வாரங்கள் வைத்திருக்க நேரும். முட்டை பருத்துக்கொண்டே போகும். பழைய சூட்டு அளவு பொருந்தாது.

இரு நாட்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நிறுவனத்துக்காகக் குஞ்சை வளர்த்துத் தரும் ஒப்பந்தப் பண்ணைக்காரருக்குத் தாய்க்கோழியின் வயது பெரும்பாலும் தெரிவதில்லை. சின்ன முட்டைக் குஞ்சும் பெரிய முட்டைக் குஞ்சும் ஒரே கொட்டகையில் விழுந்தால், தண்ணீருக்கும் தீவனத்துக்கும் சின்னது பின்தங்கும்; எடை ஒருசீராக வராது. இழப்பு வளர்ப்பவர் தலையில்தான் விழும். முட்டையைப் பருமன் வாரியாகப் பிரித்து அடுக்குவதும், குஞ்சுப் பெட்டியில் தாய்க்கோழியின் வயதை எழுதுவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. நிறுவனங்கள் தாமாகச் செய்யாவிட்டால், அடுத்த முறை குஞ்சு இறங்கும்போது பண்ணைக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும்.