தொட்டால் என்ன?

விடியற்காலை நாலரை மணிக்கு இண்டூரிலிருந்து வேன் கிளம்பியது. பெரியவர்கள் நாலு பேர், குழந்தைகள் ஐந்து, ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளிசாதம். இண்டூரா, அது எங்கே என்று கேட்காதீர்கள். ஒகேனக்கல் போயிருந்தால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது. என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். மாமாவுக்கு அங்கே மோட்டார் காயில் கட்டும் பட்டறை.

போன இடம், பெங்களூரு கஸ்தூர்பா ரோட்டில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1962-ல் நேரு திறந்து வைத்த கட்டடம். மின்சாரம் பற்றிய முதல் கூடத்தை 1965-ல், அப்போது மத்திய அமைச்சராக இருந்த இந்திரா காந்தி திறந்தார். வெளியே இந்தியாவில் உருவான மாருத் ஜெட் விமானம் நிற்கிறது. உள்ளே ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவில் ஒரு மாதிரி. குழந்தைகளைத் தொட்டுப் பார்க்க விடுகிற இடம் என்றுதான் இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனோம்.

உள்ளே நுழைந்து ஐந்து நிமிஷத்துக்குள் நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "டேய், தொடாதே!"

பழக்கதோஷம். நமக்கு அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை, வாசலில் ஐஸ்க்ரீம். "பொருட்களைத் தொடாதீர்கள்" என்ற பலகையைப் படித்தே வளர்ந்தவர்கள். அந்தப் பலகை இல்லாத இடத்தில் நாமே பலகையாகி விடுகிறோம். அன்றைக்குச் சுற்றிலும் காதில் விழுந்த தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் அப்பா அம்மாக்கள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

'ஃபன் சயின்ஸ்' கூடத்தில்தான் குழந்தைகள் கையை விட்டு ஓடினார்கள். ஒலி, ஒளி, கணக்கு என்று எல்லாமே விளையாட்டாக வைத்திருக்கும் கூடம். இந்த மாதிரிக் கூடங்களில் தவறாமல் இருக்கும் ஒரு சாமானை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருபக்கம் உயர்ந்த இரண்டு தண்டவாளங்கள், மேலே ஒரு இரட்டைக் கூம்பு. பள்ளத்தில் வைத்துக் கையை எடுத்தால், அது மேட்டை நோக்கி உருளும். அக்காவின் சின்ன மகன், ஏழாம் வகுப்பு, இருபது தடவையாவது உருட்டியிருப்பான்.

"மாமா, ஏன் மேல போவுது?"

நான் பி.காம். எனக்கு மேலே போனால் லாபம், கீழே வந்தால் நஷ்டம். அதற்கு மேல் தெரியாது. "அது ஒரு சயின்ஸ்டா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் என்னை விட்டுவிட்டுக் குனிந்து, தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, கம்பி அகலமாயிட்டே போவுது. நடுவுல இருக்கிற குண்டு கீழதான் எறங்குது. மேல போற மாதிரி நமக்குத்தான் தெரியுது" என்றான். அதுதான் சரியான விடை. யாரும் சொல்லித் தரவில்லை. இதற்காகவே வேன் வாடகை கொடுக்கலாம்.

ஆனால் இன்னொரு ரகமும் உண்டு. நம் நாட்டு அறிவியல் மையங்கள் பலவற்றில் அதுதான் அதிகம். பொத்தான் ரகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோட்டார், இந்தப் பக்கம் ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் சுற்றும், விட்டால் நிற்கும். இதில் குழந்தை செய்வது என்ன? காலிங் பெல் அடிப்பதுதான். எந்தக் குழந்தை அழுத்தினாலும் ஒரே விளைவு. தப்பாகப் போவதற்கு வழியே இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பொத்தானை வைத்துவிட்டு 'தொட்டுக் கற்கலாம்' என்று போர்டு மாட்டுவது, சாப்பாட்டுப் படத்தைக் காட்டிப் பந்தி போட்டேன் என்பது மாதிரி.

அந்தப் பொத்தானாவது வேலை செய்ய வேண்டும். பெயர் வேண்டாம், சில வருஷம் முன்னால் நான் போன ஒரு மையத்தில் பத்துக்கு நாலில் 'பழுதடைந்துள்ளது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டே மஞ்சளாகிப் பழுதடைந்திருந்தது.

அப்படியொரு மோட்டார்ப் பெட்டி முன்னால் நின்று, பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டு, "அப்பா பட்டறையில கழட்டியே காட்டுவாரு" என்று அவன் நகர்ந்து போய்விட்டான். மாமாவுக்கு உள்ளுக்குள் பெருமை. வெளியே, "சும்மா வாடா" என்றார்.

அமெரிக்காவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்று ஒருவர் இருந்தார். அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியல்காரர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதற்காக 1949-ல் பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோவில் மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானார். பையன்களைக் குப்பைமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே கிடந்த இயந்திரப் பாகங்களை வைத்துப் பாடம் நடத்தியவர். அவர்தான் 1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' ஆரம்பித்தார். உலகத்தில் இன்றைக்கு இருக்கும் தொட்டுப் பார்க்கும் கூடங்களில் பாதி அதைப் பார்த்துச் செய்தவை என்பேன். அங்கே இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, சாமான்களைச் செய்கிற, பழுது பார்க்கிற பட்டறை, வருகிறவர்கள் கண்ணெதிரிலேயே இருக்கும். இரண்டு, எதை எப்படிச் செய்வது என்று சமையல் குறிப்பு மாதிரியே புத்தகம் போட்டு, யார் வேண்டுமானாலும் காப்பி அடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் இதற்காக நாங்கள் ஏன் பெங்களூரு வரை போக வேண்டும்? இரட்டைக் கூம்புக்கு ராக்கெட் தொழில்நுட்பமா வேண்டும்? ஒரு கடைசல் பட்டறை போதும். தருமபுரியில் அதற்கா பஞ்சம்?

இங்கே ஒரு வேடிக்கை. தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழு 1984-ல் தரம்பூரில் ஒரு மாவட்ட அறிவியல் மையம் திறந்தது. தருமபுரி இல்லை, அவசரப்படாதீர்கள். இது குஜராத்தில், வல்சாட் மாவட்டத்தில், ஆதிவாசிகள் நிறைந்த பகுதியில் இருக்கும் சின்ன ஊர். அதற்கு முன்பே 1982-ல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஒன்று, 1987-ல் நம் திருநெல்வேலியில் ஒன்று. ஆக, பெரிய நகரத்தில்தான் இதெல்லாம் நடக்கும் என்பது பொய். சின்ன ஊரில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் ஏனோ கணக்கு நின்றுவிட்டது. ஊர் ஊராகப் போகும் கண்காட்சி பஸ்கள் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் பஸ் இரண்டு நாளில் கிளம்பிவிடும். இருபது தடவை உருட்டிப் பார்க்கிற பையனுக்கு இரண்டு நாள் க்யூவில் நின்றால் இரண்டு தடவைதான் கிடைக்கும்.

கூம்பின் கதை இன்னும் முடியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்து வருவதற்குள் பட்டறையில் இரண்டு பிளாஸ்டிக் புனல்கள் வாயோடு வாய் வைத்து டேப் சுற்றியிருந்தன. இரண்டு பிவிசி பைப்புகளை ஒருபக்கம் செங்கல் கொடுத்துத் தூக்கி, புனலை வைத்தான். கீழே உருண்டு வந்து விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. பைப்புகள் ஒன்றுக்கொன்று நேராக இருந்தன. அகலம் கொடுக்க வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது, அவன் சொல்லித்தானே! சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

நான் பஸ் ஏறும் வரை கீழேதான் விழுந்துகொண்டிருந்தது. ராத்திரி அக்காவிடமிருந்து போன். "ஏண்டா, உன்னால ஆயில் ஊத்தப் புனல் இல்லாம மாமா கத்திக்கிட்டு இருக்காரு."

"அது மேல போச்சா?" என்று கேட்டேன்.

"கூரை வரைக்கும் போயிருக்கும், இவரு கையில கிடைச்சிருந்தா" என்றாள் அக்கா. பின்னால் பையன் குரல் கேட்டது: "போச்சு மாமா, போச்சு!"