தகிட தகிட தகதிமி: கண்டனூரில் கேட்ட ஒரு பிரேசில் ஆல்பம்

'கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ' என்ற ஆல்பத்தின் பெயரே தெரியாதவர்கள்கூட அதன் முதல் பாட்டை எங்காவது கேட்டிருப்பார்கள். லிப்ட், விமான நிலையம், காபிக் கடை, இப்படி எங்கேயாவது. இங்கே செட்டிநாட்டிலும் பழைய வீடுகளை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்களே, அதில் ஒன்றில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அதே பாட்டின் வாத்திய வடிவம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பணியாரத்துக்குப் பக்கத்தில் இபனேமா! யாரும் காது கொடுக்கவில்லை. காது கொடுக்கத் தேவையில்லாத இசை என்பதால்தானே அதைப் போடுகிறார்கள். அந்தப் பெயர் இந்த இசைக்கு நியாயமில்லை என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பெயர் வந்ததில் இந்த ஆல்பத்துக்கே ஒரு பங்கு உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் விவரம். 1963 மார்ச்சில் நியூயார்க்கில் இரண்டே நாளில் பதிவானது. வெளிவந்தது 1964. எட்டுப் பாட்டு, மொத்தம் முப்பத்துச் சொச்சம் நிமிடம். பாட்டும் கிதாரும் ஜோவா ஜில்பெர்ட்டோ. பியானோ அன்தோனியோ கார்லோஸ் ஜோபிம், பாட்டுகளில் பெரும்பாலானவை அவர் மெட்டு. டிரம்ஸ் மில்டன் பனானா. சாக்ஸபோன் அமெரிக்கரான ஸ்டான் கெட்ஸ். இரண்டு பாட்டில் ஜோவாவின் மனைவி அஸ்ட்ரூட் ஆங்கிலத்தில் பாடுகிறார். 1965இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கியது. எட்டில் இரண்டு பாட்டு பழைய சம்பா: ஆரி பரோசோவின் 'பாரா மசுகார் மெவு கொராசோன்', டோரிவல் கைமியின் 'டொராலிசி'. இரண்டும் 1940களில் வந்தவை. மற்றவை போசா நோவா.

போசா நோவா என்றால் என்ன என்பதை விளக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி நம்ம சொற்கட்டுதான். அந்த இசைக்கே அடையாளமாகச் சொல்லப்படும் ஒரு தட்டு வரிசை இருக்கிறது. பதினாறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 1, 4, 7, 11, 14 ஆகிய கட்டங்களில் தட்டு. அதாவது 3, 3, 4, 3, 3. வாயால் சொன்னால்: தகிட தகிட தகதிமி தகிட தகிட. கூட்டினால் பதினாறு. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்தில், அட்சரத்துக்கு இரண்டு மாத்திரை வைத்தால், கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

இப்போது கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே இதைச் சொல்லிப் பாருங்கள். முதல் 'த' தட்டோடு சேரும். இரண்டாவது தகிட இரண்டு விரலுக்கு நடுவில் விழும். முக்கியமான இடம் ஐந்தாவது அட்சரம். கை இரண்டாவது தட்டைப் போடுகிற அந்த இடத்தில், வாய் 'தகதிமி'யின் நடுவில் 'தி' சொல்லிக்கொண்டிருக்கும். அழுத்தம் இல்லை. நம் காது எங்கே அடியை எதிர்பார்க்கிறதோ அங்கே ஒன்றுமே நடக்காது. போசா நோவாவின் மிதப்பு முழுக்க அந்தக் காலியிடத்தில் இருக்கிறது என்பேன்.

ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி இந்தப் பதினாறு கட்டத்தையும் கம்ப்யூட்டரை வாசிக்கச் சொன்னேன். கணக்கு சரியாக இருந்தது, கேட்க வீட்டு அழைப்பு மணி மாதிரி இருந்தது. பிறகு ஆல்பத்தைக் கூர்ந்து கேட்டால் காரணம் புரிகிறது. ஜோவா இந்த வரிசையை அப்படியே வாசிப்பதே இல்லை. கட்டைவிரல் சீராகக் கீழ்ச்சுரத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அது சம்பாவின் பெரிய முரசான சுர்டோவின் வேலை. மற்ற விரல்கள் தம்புரீம் என்கிற சிறிய தோல்கருவியின் நடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்றில் முந்தி, அடுத்த சுற்றில் பிந்தி விழும். தெருவில் ஊர்வலமாகப் போகும் ஒரு மேளக்கூட்டத்தை அந்த மனிதர் ஐந்து விரலுக்குள் மடித்து வைத்திருக்கிறார். இதற்கு மேல் குரல் வேறு. குரல் கிதாரோடு சேராது. நம்மிடம் அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று உண்டு, பாட்டு தாளத்துக்கு முன்பே தொடங்குவது, தாளம் தொடங்கிய பிறகு வருவது. ஒரு கீர்த்தனைக்கு ஒரு எடுப்பு என்று பெரும்பாலும் நிலையாக இருக்கும். ஜோவா அதை அடிக்கு அடி மாற்றுகிறார். 'டொராலிசி'யில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். வரியை முன்னால் கொட்டிவிட்டு, கிதார் வந்து சேரும்வரை சும்மா இருப்பார். தாளத்தைத் தொலைத்துவிட்டாரோ என்று நமக்குத்தான் பதற்றம்.

அடுத்து அந்தக் குரல். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் முகப்பில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "பாடுறவருக்கு உடம்புக்கு முடியலையா தம்பி?" என்றார். நல்ல விமரிசனம். கமகம் கிடையாது, குரலை இழுத்து அசைக்கிற வேலை கிடையாது, உச்சத்தில் போய் நிற்கிற இடம் கிடையாது. காதோரம் பேசுகிற அளவு சத்தம். 'டெசாபினாடோ' என்ற பாட்டின் தலைப்புக்கே சுருதி விலகியது என்றுதான் பொருள். எதிர்பாராத சுரங்களில் போய் இறங்கும் மெட்டு அது, ஆனால் பாடுகிறவர் அத்தனை சுரத்திலும் துல்லியமாக நிற்கிறார். சுருதி விலகியவன் என்று பழி கேட்டவன், விலகாமல் பாடிக் காட்டுகிற வேடிக்கை.

மெதுவாகப் பாடுவது மைக் வந்த பிறகுதான் சாத்தியம். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசைவரை தொண்டையாலேயே எட்ட வேண்டியிருந்த காலத்தில் இப்படிப் பாடினால் எழுந்து போயிருப்பார்கள். மைக் வந்த பிறகும் பலர் கொட்டகைக்குப் பாடுவது போலவே பாடினார்கள். ஜோவாவின் முதல் ஆல்பம் 'செகா டி சவுடாடி' 1959இல் வந்தது. அதே 1959இல் இங்கே 'கல்யாண பரிசு'. இசையமைத்ததும் பாடியதும் ஏ.எம். ராஜா. ஒருவரை ஒருவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை, தாக்கம் என்று கதை கட்ட நான் வரவில்லை. ஆனால் இரண்டு பேருமே மைக்கை ஒரு மனிதரின் காதாக நினைத்துப் பாடினவர்கள். ராஜாவிடம் பாவம் இன்னும் வெளியே தெரியும், ஜோவா அதையும் அடக்கிவிடுகிறார். டி.எம்.எஸ். கோலோச்சிய வருடங்களில் ராஜாவுக்கும் பி.பி. ஸ்ரீனிவாஸுக்கும் இங்கே ஒரு தனி ரசிகர் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால் ஜில்பெர்ட்டோ உங்களுக்கு அந்நியராக இருக்க மாட்டார்.

செட்டிநாட்டு வீட்டில் இதைக் கேட்பதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வளவில் ஸ்பீக்கரை வைத்தால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும், வழுவழுவென்று பூசிய சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பும். கெட்ஸின் சாக்ஸபோன் வீடு முழுக்க விரியும், ஜோவா காணாமல் போவார். இயர்போன்தான் வழி. ஆனால் அந்தச் சிக்கல் எனக்கு ஆல்பத்தைப் பற்றி ஒன்று காட்டிக்கொடுத்தது. இயர்போனில் கேட்டாலும் கெட்ஸ் சத்தம் கூடுதல்தான். அழகான நாதம், மறுக்கவில்லை. 'பாரா மசுகார் மெவு கொராசோன்' பாட்டில் ஜோவாவின் சோகத்தை அப்படியே வாங்கித் தொடர்கிறார், ஆல்பத்தின் சிறந்த பாட்டு எனக்கு அதுதான். ஆனால் 'சோ டான்சோ சம்பா'வில் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் ஒருவர் வந்து சபையைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

இபனேமா பாட்டுக்கு வருவோம். ஆல்பத்தில் அது ஐந்து நிமிடத்துக்கும் மேல். முதலில் ஜோவா போர்த்துக்கீசில் பாடுகிறார், பிறகு அஸ்ட்ரூட் ஆங்கிலத்தில். சிங்கிளாக வெளியிட்டபோது நீளம் அதிகம் என்று ஜோவா பாடிய பகுதியை வெட்டிவிட்டார்கள். உலகம் முழுக்கப் பரவியது அந்த வெட்டிய வடிவம்தான். இன்னொரு பக்கம், ஆல்பத்தின் முன் அட்டையில் அஸ்ட்ரூட்டின் பெயர் இல்லை. அட்டையில் பெயர் இருந்தவரின் குரல் சிங்கிளில் இல்லை. சிங்கிளில் ஒலித்தவரின் பெயர் அட்டையில் இல்லை. நல்ல நியாயம்!

மொழி விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. புரியாத மொழியில் பாட்டுக் கேட்பது பற்றிப் பெரிய சண்டையே போட்டவர்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். பாடுகிற வார்த்தை கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் போர்த்துக்கீசு தெரியாத நான் ஜோவாவைக் கேட்பது வீணா? அமெரிக்கர்கள் எடுத்த வழி மொழிபெயர்ப்பு. வினிசியஸ் டி மொராயிஸ் எழுதிய மூலத்தின் அர்த்தத்தைத் தேடிப் படித்தேன். ஒரு பெண் கடலை நோக்கி நடந்து போகிறாள். பார்க்கிறவன் தான் ஏன் இவ்வளவு தனியாக இருக்கிறேன் என்று கேட்டுக்கொள்கிறான். அந்த அழகு தனக்கு மட்டும் உரியதல்ல, அதுவும் தனியாகத்தான் போகிறது என்கிறான். நார்மன் கிம்பெலின் ஆங்கிலத்தில் மிஞ்சுவது நிறமும் உயரமுமான ஒரு பெண், அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்ற குறை. புரிய வைக்கப் போய்ப் பாட்டைச் சின்னதாக்கிவிட்டார்கள். லிப்ட் இசைக்கான பாதை அங்கே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தமிழிசைக்காரர்கள் கேட்டது தியாகராஜரின் மொழிபெயர்ப்பை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். முத்துத்தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் கோபாலகிருஷ்ண பாரதியையும் கேட்டார்கள், தமிழிலேயே பிறந்த பாட்டுகளை. அந்த வாதத்தை நேர்மையாகப் பின்பற்றினால் ஜோவா பாடுவதைப் போர்த்துக்கீசிலேயே கேட்டு, அர்த்தத்தைத் தனியாகப் படித்துக்கொள்வதுதான் சரி.

'சவுடாடி' என்ற சொல்லை மொழிபெயர்க்கவே முடியாது என்று ஒரு பெருமை பேசுவார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்களை மூன்று வருடக் கணக்கு முடியும்வரை எதிர்பார்த்திருந்த ஆச்சிமார் ஊரில் அதை விளக்க ரொம்ப சிரமப்பட வேண்டாம்.

கடைசியாக, எனக்கு நிம்மதி தராத ஒரு கேள்வி. சம்பா ரியோ நகரத்தின் கறுப்பின மக்களுடைய இசை. அங்கே அடிமை முறை ஒழிந்ததே 1888இல்தான். டோங்கா 'பெலோ டெலிபோனி'யைப் பதிவு செய்தது 1916இல். பிறகு குன்றுகளின் மேலிருந்த ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தது. போசா நோவாவோ கடற்கரை அபார்ட்மெண்டில் படித்த நடுத்தர வர்க்கம் வளர்த்தது. ஜோஸே ராமோஸ் டினொரான் என்ற பிரேசில் விமரிசகர் இது அமெரிக்கத்தனமான இசை என்று கடைசிவரை திட்டினார். சதிர் பரதநாட்டியமான கதையும், நாகசுரமும் தவிலும் சபா மேடையில் ஓரத்துக்குப் போன கதையும் தெரிந்த நமக்கு இந்தச் சண்டை புதிதல்ல. மேளம் வரவேற்பறைக்குள் வரும்போது மேளக்காரர் வாசலில் நின்றுவிடுகிறார்.

டினொரானோடு இசை விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஜோவாவின் கட்டைவிரலில் சுர்டோ உயிரோடு இருக்கிறது, கேட்டாலே தெரியும். பணம், பெயர் விஷயத்தில் அவர் சொன்னதைத் தள்ள முடியவில்லை. மங்கெய்ரா சம்பாப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டோலா, 1950களில் கார் கழுவிப் பிழைத்தார். அவருடைய முதல் சொந்த ஆல்பம் வந்தது 1974இல், 65 வயதில். அதையும் தேடிக் கேளுங்கள். முடிந்தால் 'டொராலிசி' கேட்ட கையோடு. ஜோவா விரலுக்குள் மடித்து வைத்த மேளம் அங்கே வெளியே கேட்கும்.