தம்புள்ளைக் குகை ஓவியங்களும் நாயக்கர் செல்வாக்கும்

மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைக் குகை விகாரைகளைக் காணச் செல்லும் தமிழ் மாணவர் மனத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு: இவ்வோவியங்களில் நமக்குப் பங்கு உண்டா?

வினாவின் தோற்றுவாய் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உள்ளது. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் மதுரையிலிருந்து அரசியை வருவித்து மணந்தான். பட்டத்துக்குரிய மகனின்றி அவன் இறக்க, அவ்வரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் அரியணை ஏறினான். அவனை அடுத்து 1747இல் அரசனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், தம்புள்ளையின் மூன்றாங் குகையாகிய மகா அலுத் விகாரையை அமைத்தான். அவனது உருவச்சிலை அங்கு இன்றும் நிற்கின்றது.

இவ்வரலாற்றைக் கொண்டு, கண்டி ஓவியம் நாயக்கர் ஓவியத்தின் கிளையே என்பார் உளர். செந்நிறப் பின்புலமும், கதையைப் படிமுறையாகக் கிடைப்பட்டிகளில் கூறும் முறையும் அவர்தம் சான்றுகள். செங்கம் வேணுகோபாலர் கோயிலின் இராமாயண ஓவியங்களிலும் இத்தகைய பட்டிகள் உள்ளன என்பது மெய்யே. ஆயின் பொலன்னறுவைத் திவங்க சிலைமனையிலும் தொடர்கதை ஓவியங்கள் உள. நாயக்கர் காலத்துக்கு முற்பட்டவை அவை. ஆகவே பட்டிமுறை ஒன்றே கடன்பெற்றமைக்குச் சான்றாகாது.

வேறுபாடே ஈண்டு நோக்கற்பாலது. நாயக்கர் ஓவியன் மாந்தரையும் மாடங்களையும் அணிகலன்களையும் நெருக்கி நிறைப்பான். கண்டி ஓவியனோ உருவங்களைத் தனித்தனியே நிறுத்தி, இடைவெளியில் மலர்களைத் தூவிவிடுவான். நிழலும் ஆழமும் அவன் வேண்டுவன அல்ல. கோடே அவன் மொழி. தம்புள்ளையில் அவன் பாறைக் கூரையின் மேடு பள்ளங்களைச் சமன்செய்யாது, அவற்றின் வழியே வண்ணத்தைச் செலுத்தினான். அதனால் கூரை, கட்டிய விதானத்துணி போல் தோன்றுகின்றது. இதனை எந்த அரசவையும் அவனுக்குக் கற்பித்திருக்க இயலாது, அப்பாறையே கற்பித்தது.

எனினும், 'தூய உள்ளூர்க் கலை' என்னும் மறுதரப்பினர் கூற்றும் நிறைவுடையதன்று. இரண்டாங் குகையில் புத்தர் சிலைகளோடு விஷ்ணுவின் சிலையும் வழிபாட்டுக்குரியதாய் நிற்கின்றது. அதே குகையில் எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் நிகழ்ந்த போரும் தீட்டப்பட்டுள்ளது. அது வெற்றிக்கதையே, அதனை மறைத்துப் பேசுதல் திறனாய்வாகாது. ஆயின் தென்னிந்திய வழிவந்த அரசமரபின் புரத்தலில் தழைத்த விகாரையிலேயே அக்கதை இடம்பெற்றுள்ளது என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். பிற்கால இனப்பகையை மட்டும் அச்சுவரில் படிப்போர், தாம் கொண்டுசென்றதையே கண்டு மீள்வர்.

ஆகவே 'பங்கு' என்னும் சொல்லே பிழைபடுகின்றது. கலை, பாகம் பிரிக்கும் காணியன்று. அரசரின் குருதியைக் கொண்டு ஓவியனின் கையை அளத்தல் தகாது. நம் மாணவர் தம்புள்ளையில் உரிமை தேடுதலை விடுத்து, முதலிற் கோட்டை நோக்கக் கற்பாராக. அக்கல்வியே அச்சுவரை நமக்கும் உரியதாக்கும்.